மேங் போதகரின் இடுப்பளவு

"தப்பு என் கண்ணெதிர்ல நடந்தா, நம்ம சபை மூப்பருங்க என்ன, நாட்டுல இருக்கிற அத்தனை மூப்பரும் வரிசையா உக்காந்திருந்தாலும் சரி, நான் ஒருத்தனா எழுந்து நின்னு 'இல்லை'ன்னு சொல்லுவேன்."

இதைச் சொன்னவர் டீக்கன் பியோ சாங்-உக். சொன்ன இடம், கொரியத் துறைமுக ஊரான குன்சானில், வடதுறைச் சபையின் அடித்தளச் சாப்பாட்டுக் கூடம். ஞாயிறு ஆராதனை முடிந்து, இருநூறு பேர் முள்ளங்கிச் சூப்பில் சோற்றைக் கொட்டிக் குழைத்துக்கொண்டிருந்த நேரம். பியோ கரண்டியை வேறு உயரத் தூக்கிப் பிடித்திருந்தார். மோசேயின் கையில் கோல் இருந்த மாதிரி இருந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் மோசேயின் கோலிலிருந்து சூப்பு சொட்டியதாகத் தகவல் இல்லை.

"கரண்டியைக் கீழ வை தம்பி, என் முழங்கையில வழியுது," என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த தாக் புன்-ரே. துறைமுகச் சந்தையில் நாற்பது வருஷமாகக் கருவாடு விற்பவள். சபையில் யாருக்கும் பயப்படாதவள் என்று பெயர். கருவாட்டு வாசனைக்குப் பயந்து யாரும் அவளிடம் நெருங்காததால் வந்த பெயர் என்று வேண்டாதவர்கள் சொல்வார்கள்.

பியோவின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஒரு சபையில் போதகர் டாக்டர் பட்டம் வாங்கியிருந்தார். வேறொருவர் எழுதிய ஆய்வேட்டை அப்படியே நகலெடுத்து வாங்கியது என்று பிறகு தெரிய வந்தது. நகலெடுத்ததில் தப்பில்லை, நன்றியுரையையும் சேர்த்து நகலெடுத்துவிட்டார். 'என் அன்பு மனைவிக்கு' என்ற இடத்தில் அடுத்தவர் மனைவியின் பெயர் இருந்தது. போதகரம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள். சபை கூடி விவாதித்து, ஒருமனதாக மன்னித்து, ஒரு பாட்டும் பாடிக் கலைந்தது.

நம் சபைகளில் எதை முடிவு செய்வதற்கும் ஒரே முறைதான். கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவர், "சரியென்றால் ஆம் என்று சொல்லுங்கள்" என்பார். கூரை அதிர ஆம் என்போம். பிறகு, "சரியில்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள்" என்பார். சொல்லிவிட்டு ஒரு மூச்சு விடும் நேரம் காத்திருப்பார். அந்த ஒரு மூச்சில் யாரும் வாய் திறந்ததாகச் சரித்திரம் இல்லை. அப்போது இருமல் வந்தால்கூட விழுங்கிக்கொள்வதே விசுவாசிக்கு அழகு. அப்புறம் சுத்தியலால் மேசையில் மூன்று தட்டு. பரலோகத்திலும் தீர்மானம் நிறைவேறிவிட்டது என்று பொருள்.

"அங்க முந்நூறு பேரு இருந்திருக்காங்க," என்றார் பியோ. "ஒருத்தன் வாயில 'இல்லை' வரல. மானங்கெட்டவனுங்க."

"உன் வாயில வருமா?"

"வரும் அக்கா. என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும். மூப்பர் பான் பொண்டாட்டி இடுப்பு விவகாரம் ஊருக்கே தெரியும்," என்று சொல்லித் தாக் சிரித்தாள்.

அது தெரியாதவர்களுக்காக: பியோவுக்குப் பெரிய சந்தைக்குப் பின்புறம் ஆல்ட்ரேஷன் கடை. பெயர்ப் பலகையில் 'நேர் தையல்' என்று எழுதியிருக்கும். இருபத்தெட்டு வருஷமாக அங்கே உட்கார்ந்து ஊராரின் இடுப்பைப் பிடித்தும் விட்டும் கொடுக்கிறவர். தேவனுக்கு அடுத்தபடியாக அவர் விசுவாசம் வைத்திருப்பது இஞ்சு டேப்பில். ஒரு சமயம் மூப்பர் பானின் மனைவி ஒரு பாவாடையைக் கொண்டுவந்து, "சலவையில சுருங்கிடுச்சு" என்றாள். பியோ டேப்பைப் பாவாடையில் வைத்தார், பிறகு அவள் இடுப்பில் வைத்தார். "துணி சுருங்கலை அம்மா" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அடுத்தடுத்து இரண்டு மூப்பர் தேர்தல்களில் மாதர் சங்கத்து வாக்கு ஒன்றுகூட அவருக்கு விழவில்லை.

மூப்பர் பதவி என்றால் நம் ஊரில் சாதாரணமா? பெயரோடு ஒட்டிக்கொண்டு கல்லறைக் கல் வரைக்கும் வருவது. பியோவுக்குப் பின்னால் சபையில் சேர்ந்த நூடுல்ஸ் கடைக்காரர் மூப்பராகிவிட்டார். பியோ தையல் சொல்லிக்கொடுத்த ஆளே மூப்பராகிவிட்டான். பியோ மட்டும் ஒரு படி கீழே டீக்கனாகவே வாசலில் நின்று குடைகளை வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். இப்போது வயது அறுபத்து நான்கு. அறுபத்தைந்து ஆனால் வேட்பாளராக நிற்க முடியாது. மார்ச் மாதத் தேர்தல்தான் கடைசி. அச்சகத்துக்காரரிடம் விளையாட்டுக்கு என்று சொல்லி 'மூப்பர் பியோ சாங்-உக்' என்று ஒரே ஒரு முகவரி அட்டை அடித்து வாங்கி, பொத்தான் டப்பாவின் அடியில் வைத்திருந்தார். இது அவருடைய மனைவி மால்-சுன்னுக்கே தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் மேங் கி-சோல் போதகர் மலையிலிருந்து இறங்கி வந்தார்.

மேங் போதகர் அடுத்த வருஷம் ஓய்வு பெற வேண்டியவர். முப்பத்திரண்டு வருஷம் மேய்த்த மந்தையை யாரிடம் விடுவது என்று ஆண்டவரிடமே கேட்டுவிடுகிறேன் என்று சொல்லி, ஜனவரியில் மலைமேல் இருக்கும் ஜெபவீட்டுக்கு நாற்பது நாள் உபவாசம் போனார். நம் போதகர்களுக்குள் நாற்பது நாள் உபவாசம் என்பது பட்டாளத்துப் பதக்கம் மாதிரி. தண்ணீர் மட்டும்தான். முடித்துவிட்டு வந்தால் உடனே சாப்பிடக் கூடாது, எத்தனை நாள் பட்டினியோ அத்தனை நாள் கஞ்சி குடித்து வயிற்றைப் பழக்க வேண்டும். அதற்காக மாதர் சங்கம் முறை போட்டு நாற்பது நாளைக்குக் கஞ்சி காய்ச்சியது. பூசணிக் கஞ்சி, எள்ளுக் கஞ்சி, பைன் கொட்டைக் கஞ்சி. பாத்திரங்கள் வழித்து நக்கியதுபோல் சுத்தமாகத் திரும்பி வந்தன. பெண்கள் அதையும் பார்த்துக் கண்கலங்கினார்கள்.

வந்த முதல் ஞாயிறு, கணுக்கால் வரை தொங்கும் பஞ்சு கோட்டுக்குள் புதைந்தபடி, பிரசங்க மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரலில் பேசினார்.

"நாற்பதாம் நாள் விடியக்காலம். ஆண்டவர் ஒரு பேரைச் சொன்னார். நான் மறுத்தேன். வேண்டாம் ஆண்டவரே, ஜனங்க தப்பா நினைப்பாங்கன்னு அழுதேன். மறுபடியும் அதே பேரைத்தான் சொன்னார். மேங் ஹா-ராம்."

மேங் ஹா-ராம் அவருடைய மகன், அவரும் போதகர்தான். ஆண்டவர் குடும்பப் பெயரையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். நாட்டில் வேறு ஹா-ராம்களும் இருப்பது அவருக்குத் தெரியாதா?

"ஆமென்," என்றது சபை. பியோவும் சொன்னார். உண்மையிலேயே உருகிச் சொன்னார். நாற்பது நாள் சாப்பிடாமல் கிடந்த மனிதன் பொய் சொல்வானா என்று அன்று முழுக்க மால்-சுன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வாரம் மேங் போதகரின் மனைவி, நம் போதகரம்மா, பியோவின் கடைக்கு வந்தாள். சபைக்காரன் கடை இருக்கும்போது வேறு கடைக்குப் போவது நம் பழக்கத்தில் இல்லை. முடி வெட்டுவதிலிருந்து பல் பிடுங்குவது வரை சபைக்குள்ளேயே முடித்துக்கொள்வோம். அந்த நல்ல பழக்கம்தான் அவளை அங்கே கொண்டுவந்து சேர்த்தது. பையிலிருந்து இரண்டு பேன்ட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

"டீக்கனய்யா, இடுப்புல ஒண்ணரை அங்குலம்."

"ஒண்ணரை போதுமா அம்மா? நாப்பது நாள் ஆச்சே. மூணு பிடிச்சாத்தான் நிக்கும்."

"பிடிக்கிறதில்ல. விடணும்."

பியோ வாயில் கடித்திருந்த குண்டூசியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"விடணுமா?"

"வீக்கம். உபவாசம் முடிச்சவங்களுக்கு வருமாம்."

"வீக்கம் காலுலதானே அம்மா வரும்?"

"இவருக்கு எங்கெங்கேயோ வருது," என்றாள் போதகரம்மா, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. "இந்தச் சாம்பல் நிறத்தைக் கவனமாப் பண்ணுங்க. மலைக்குப் போட்டுக்கிட்டுப் போனது. அவருக்கு ராசியான பேன்ட்."

அவள் போன பிறகு பியோ ராசியான பேன்ட்டை விரித்து, பின் தையலைப் பிரிக்க உட்கார்ந்தார். வலது தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. ஓரம் பழுப்பு, நடுவில் ஆரஞ்சு. விரலால் தடவினார், முகர்ந்தார். குன்சானில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்த வாசனை தெரியாமல் போகாது. சோயா சாஸில் ஊறவைத்த நண்டு. ஆரஞ்சு நிறம் அதன் முட்டை. ஓட்டுக்குள் சுடுசோற்றைப் போட்டுப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்போது தொடையில் விழுவது. அவருடைய பேன்ட்டுகளிலும் நாலைந்து தடவை விழுந்திருக்கிறது.

அவர் இடுப்புப் பட்டியை அளந்தார். முப்பத்தாறு. ஒண்ணரை விட்டால் முப்பத்தேழரை. மனிதன் தண்ணீரை மட்டும் குடித்து ஒண்ணரை அங்குலம் பெருக்க முடியுமா என்று யோசித்தார். கானா ஊர்க் கல்யாணத்தில் இயேசுவின் சொல்லால் தண்ணீர் திராட்சரசமாக மாறியது. இங்கே நண்டாக மாறியிருக்க வேண்டும்.

மத்தியானம் மால்-சுன் தூக்குப் பாத்திரத்தோடு வந்தாள். அன்று போதகர் வீட்டுக்குக் கஞ்சி அனுப்பும் முறை அவளுடையது. மிச்சத்தைக் கணவனுக்குக் கொண்டுவந்திருந்தாள். வெள்ளைவெளேர் என்று பைன் கொட்டைக் கஞ்சி. பியோ ஒரு வாய் வைத்தார். எழுந்துபோய்த் தொட்டியில் துப்பினார்.

"உப்பு இல்லையா?"

"கஞ்சியில ஒண்ணும் குறையில்ல," என்று சொல்லிப் பேன்ட்டைக் காட்டினார்.

மால்-சுன் முகர்ந்தாள். அவளும் குன்சான்காரிதான். "பைன் கொட்டை என்ன விலை தெரியுமா?" என்றாள். "நாலு மணிக்கு எழுந்து ஒவ்வொண்ணா நுனி கிள்ளினேன். பாவி மனுஷன்."

"சபைக் கூட்டத்துல 'இல்லை'ன்னு சொல்லப் போறேன்."

"சொல்லுங்க. யாரு வேணாம்னா? முதல் தீர்மானம் போதகர் மகன். ரெண்டாவது மூப்பர் தேர்தல். நடுவுல ஒரு பாட்டு. அந்தப் பாட்டு முடியறதுக்குள்ள உங்க பேரு காத்துல போயிடும்." அவள் தூக்குப் பாத்திரத்தை மூடினாள். "அந்தப் பொத்தான் டப்பாவையும் அப்பவே காலி பண்ணிடுங்க."

இரண்டு நாள் கழித்துப் போதகரே வந்தார். கடைக்குள் நுழைந்ததும் தையல் மெஷின்மேல் கை வைத்து அதை ஆசீர்வதித்தார். பிறகுதான் கோட்டைக் கழற்றினார். கன்னம் வெளுத்திருந்தது, தாடி இருந்தது. அதற்குக் கீழே உபவாசம் எந்த இடத்தையும் தொடவில்லை.

"டீக்கனாரே, சபைக் கூட்டத்துக்கு ஒரு சூட் வேணும். ஜனங்க என் உடம்பைப் பார்க்கணும். என் உடம்பே சாட்சியா நிக்கணும்."

"நிக்கட்டும் போதகரையா."

"ஆனா இந்த வீக்கம் சாட்சியை மறைக்குது. அதனால தோள்பட்டை ஒரு அங்குலம் வெளிய போகட்டும். கழுத்துப்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவுல ரெண்டு விரல் நுழையணும். இடுப்பை நாலு அங்குலம் கூட வச்சுடுங்க, நான் பெல்ட்டால சுருக்கிக் கட்டிக்கிறேன்."

பியோவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "அப்ப ஒண்ணரை அங்குலம் விட்டது?"

"அது வீட்டுல போட்டுக்க."

"போதகரையா, அந்தப் பேன்ட்ல ஒரு கறை இருந்துச்சு. ஊற வச்ச நண்டு மாதிரி."

மேங் போதகரின் கண் இமைக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷத்துப் பயிற்சி. "பக்கத்து அறையில ஒரு சகோதரர் சாப்பிட்டார். அந்த வாசனையோட நான் ராத்திரி பூராப் போராடினேன்."

"கறை உங்க தொடையில இருக்கே."

"போராட்டம் அவ்வளவு நெருக்கமா இருந்தது, டீக்கனாரே." அவர் பியோவின் தோளில் கை வைத்தார். கை நல்ல கனம். "நீங்களும் நானும் எதையும் தாங்குவோம். பலவீனமான விசுவாசிகள் இடறிடக் கூடாது பாருங்க. அது கிடக்கட்டும், மூப்பர் பட்டியல் தயாராயிடுச்சு. நம்ம கொரிய எழுத்து வரிசைப்படி பியோ கடைசியில வரணும். நான்தான் முதல்ல போடச் சொன்னேன். மாதர் சங்கத்துலயும் பேசிட்டேன். பான் வீட்டம்மா பழசை மறந்தாச்சு."

பியோ டேப்பை எடுத்து அளந்தார். முப்பத்தேழரை. குறிப்பேட்டில் நாற்பத்தொன்றரை என்று எழுதினார்.

நான்கு நாள் தைத்தார். இருபத்தெட்டு வருஷமாக மனிதர்களுக்குத்தான் தைத்திருக்கிறார், பட்டினிக்குத் தைப்பது இதுவே முதல் தடவை. அதில் எவ்வளவு நுணுக்கம் இருக்கிறது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டார். வெறுமனே பெரிதாக வெட்டினால் கடன் வாங்கிய சூட் மாதிரி இருக்கும். முதுகில் துணி சரிய வேண்டும், கை மணிக்கட்டைத் தாண்டி விரல் கணுவரை வர வேண்டும், ஆனால் ஒரு காலத்தில் இது பொருந்தியிருந்தது என்று பார்க்கிறவன் நம்ப வேண்டும். தோள்பட்டை சரிவு நன்றாக வராதபோது பிரித்துவிட்டு மறுபடி தைத்தார். தொழில் சுத்தம் என்று ஒன்று இருக்கிறதே.

மனதுக்குள் ஒரு ஏற்பாடும் செய்துகொண்டார். தைப்பது தொழில், சொல்வது சாட்சி. தொழிலைக் கடையில் செய்துவிடுவோம், சாட்சியைக் கூட்டத்தில் சொல்லிவிடுவோம். துணி தொளதொளவென்று இருப்பது எந்தக் கட்டளைக்கும் விரோதமில்லை. இந்த ஏற்பாடு அவருக்கு இரண்டு நாள் நல்ல தூக்கத்தைக் கொடுத்தது.

சபைக் கூட்டத்தன்று மேங் போதகர் சூட்டோடு நடந்து வந்தார். கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. கழுத்துப்பட்டைக்குள் கழுத்து கிணற்று வாளி மாதிரி ஆடியது. பெல்ட்டுக்கு மேலே பேன்ட் கொத்தாகச் சுருங்கி நின்றது. பெண்கள் பக்கம் விசும்பல். மூப்பர் பானின் மனைவி கைக்குட்டையை எடுத்துவிட்டாள். இடைவழியோரம் உட்கார்ந்திருந்த பியோ தன் கைவேலையைப் பார்த்தார். தோள்பட்டை சரிவு அருமையாக வந்திருந்தது. அதைக் கவனித்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு தலையைக் குனிந்தார்.

சொந்த மகன் விஷயத்தில் தகப்பன் தலைமை வகிப்பது முறையல்ல. இந்த விஷயத்தில் நாம் மிகவும் கறாரானவர்கள். ஆகவே தகப்பனின் நண்பரான பக்கத்து ஊர்ப் போதகர் தலைமை வகித்தார். சட்டப்படி சீட்டு எழுதிப் போட வேண்டியது. "சீட்டு உலகத்தாருக்கு. நாம கிருபையா முடிச்சுடலாமே," என்றார் அவர். ஆமென் என்றது கூடம். மூப்பர் தேர்தலுக்கான சீட்டுகள் மட்டும் இரண்டாவது தீர்மானத்துக்காக முன் மேசையில் ஒரு தட்டில் காத்திருந்தன. மேலே இருந்த சீட்டில் முதல் பெயர் பியோ சாங்-உக்.

"மேங் ஹா-ராம் போதகரை நமது அடுத்த மேய்ப்பராக ஏற்பது சரியென்றால், ஆம் என்று சொல்லுங்கள்."

ஆம் என்று கூரை அதிர்ந்தது. பியோ சொல்லவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.

"சரியில்லையென்றால், இல்லை என்று சொல்லுங்கள்."

அந்த ஒரு மூச்சு தொடங்கியது. பியோ முன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழப் போனார். அதற்குள் பெண்கள் பக்கத்தில் யாரோ எழுந்துவிட்டார்கள். தாக் புன்-ரே.

"சகோதரி, ஆம் அல்லது இல்லை, ரெண்டுதான்," என்றார் தலைவர்.

"எதைச் சொல்றதுன்னு தெரிஞ்சுக்கத்தான் எழுந்தேன். நான் கருவாடு விக்கிறவ. எது காஞ்சது, எது காயாததுன்னு தூரத்துலயே தெரியும். எனக்கென்னவோ கோட்டுதான் காஞ்சிருக்கு, போதகர் காயலைன்னு தோணுது."

கூடம் முணுமுணுத்தது. யாரோ "உக்காரும்மா" என்றார்கள். மேங் போதகர் கண்ணை மூடி ஜெபத்தில் இறங்கிவிட்டார்.

"என் கண்ணு தப்பாவும் இருக்கலாம்," என்றாள் தாக். "அதான் கேக்கறேன். கோட்டைத் தைச்ச தம்பி அங்க உக்காந்திருக்கு. மூப்பர் பொண்டாட்டிகிட்டயே உண்மையைச் சொன்ன ஆளு. இவரு வாயில பொய் வராது, அது உங்க எல்லாருக்கும் தெரியும். தம்பி, நீதானே டேப்பைப் போட்டு அளந்தே. நீ சொல்லு. போதகர் இளைச்சிருக்காரா, இல்லையா?"

இருநூறு தலைகள் திரும்பின. பியோ எழுந்து நின்றார். மால்-சுன் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன் மேசையில், ஹீட்டர் காற்றில் சீட்டுகள் பறக்காமல் இருக்க யாரோ அவற்றின்மேல் பாட்டுப் புத்தகத்தை வைத்தார்கள்.

"நாலு அங்குலம் இளைச்சிருக்கார், அக்கா," என்றார் பியோ.

மெல்லத்தான் சொன்னார். பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிச் சொல்லிச் சொல்லி அதைக் கதவு வரைக்கும் கொண்டுபோனார்கள்.

தாக் அவரைச் சற்று நேரம் பார்த்தாள். "நீயே சொன்னா சரிதான் தம்பி," என்று சொல்லி, முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்தாள்.

தலைவர் முறைப்படி இன்னொரு தரம் கேட்டார். "சரியில்லையென்றால், இல்லை என்று சொல்லுங்கள்." கேட்டுவிட்டு ஒரு மூச்சு விடும் நேரம் காத்திருந்தார். சபையாரில் அப்போது நின்றுகொண்டிருந்தவர் பியோ ஒருவர்தான். சுத்தியல் மூன்று முறை விழுகிற வரைக்கும் அவர் அப்படியே நின்றார்.